பத்து மடங்கா, எட்டாயிரம் மடங்கா?

இலங்கையின் சிலாவத்துறைக் கடற்கரை இரண்டு வகை மண்ணீரல்களைக் கண்டிருக்கிறது. ஒன்று முத்துக்குளித்தவர்களுடையது, மற்றது காய்ச்சலில் கிடந்தவர்களுடையது.

முத்துப்பார்களுக்கு எதிரே அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி என்று நீளும் இந்தக் கரையில், குளிப்பு நடந்த ஆண்டுகளில் ஓலைக் கொட்டில்களால் ஆன நகரமே முளைக்கும். கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குவார்கள். ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் இதை மேற்பார்வையிடவென்றே 1801க்கும் 1804க்கும் இடையில் அரிப்பில் ஒரு மாளிகை கட்டினார். அதன் செங்கற்கள் இன்று ஒவ்வொன்றாகக் கடலுக்குள் விழுந்துகொண்டிருக்கின்றன. காலில் கல்லைக் கட்டி இறங்கியவர் ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சை அடக்கியிருப்பார். அந்த ஒரு நிமிடத்தில் அவர் உடலுக்குள் நடப்பதை 1990இல் கொரியாவின் 'அமா' குளிப்புப் பெண்களிடம் அளந்தார்கள். மண்ணீரல் ஐந்தில் ஒரு பங்கு அளவு சுருங்குகிறது. தேக்கி வைத்திருந்த செங்குழியங்களைக் குருதிக்குள் பிழிந்து விடுகிறது. ஹீமோகுளோபின் அளவு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது.

இரண்டாவது மண்ணீரல் வீங்கியது. அநுராதபுரப் பக்கமிருந்து வரும் அருவியாறு சிலாவத்துறைக்குச் சற்று வடக்கே கடலில் கலக்கிறது. வெள்ளம் வடிந்து ஆறு வற்றத் தொடங்கியதும் மணற்படுகையில் சிறுசிறு குட்டைகள் தங்கும். வெயில் படும், தெளிந்த, ஓடாத நீர். இலங்கையில் மலேரியாவை முதன்மையாகப் பரப்பிய அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற நுளம்பு முட்டையிடத் தேடுவது இதைத்தான். அந்தக் காலத்தில் உலர்வலயத்துக்கு வந்த சுகாதார அதிகாரிகள் ஊரின் மலேரியாக் கணக்கை எடுக்க நுணுக்குக்காட்டியைத் தூக்கி வரவேண்டியிருக்கவில்லை. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, இடது விலாவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்திப் பார்ப்பார்கள். மண்ணீரல் கையில் தட்டுப்படும் பிள்ளைகள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதுதான் அந்த ஊரின் எண்.

முத்துக்குளிப்பவரிடம் சுருங்கி உதவும் உறுப்பு காய்ச்சற்காரரிடம் ஏன் வீங்குகிறது? மண்ணீரலின் தொழிலே சோதனைச் சாவடித் தொழில். 8 மைக்கிரோமீற்றர் அகலமான செங்குழியம் ஒன்று, 1 அல்லது 2 மைக்கிரோமீற்றர் மட்டுமே திறந்த பிளவு வழியாகத் தன்னை நசுக்கிக்கொண்டு அங்கே கடக்க வேண்டும். இளங்கலம் கடக்கும், விறைத்த கலம் மாட்டிக்கொள்ளும். மலேரியா ஒட்டுண்ணி குடியேறிய செங்குழியம் விறைத்துப்போகிறது. எவ்வளவு விறைப்பு என்பதை 2005இல் அளந்து வெளியிட்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சுப்ரா சுரேஷ். சென்னை ஐஐடியில் 1977இல் பொறியியல் பட்டம் பெற்றுப் பின்னர் அமெரிக்காவின் எம்ஐடிக்குப் போனவர். உலோகம் எப்படி முறியும் என்று ஆராய்ந்துகொண்டிருந்த அவர், லேசர் ஒளியால் பிடித்து இழுக்கும் கருவியில் ஒற்றைச் செங்குழியத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். ஒட்டுண்ணி முதிர்ந்த கட்டத்தில் கலம் 10 மடங்கு வரை விறைத்திருந்தது.

இதுவரை சொன்னது ஒற்றைக் கலத்தின் கதை. காய்ச்சலோ சோகையோ ஒற்றைக் கலத்தில் இல்லை. ஒட்டுண்ணியும் செங்குழியமும் எத்தனை முறை சந்திக்கின்றன, வெண்குழியம் அதற்கு எப்போது பதில் சொல்கிறது, நலமான கலம் தொற்றிய கலத்தோடு ஒட்டுகிறதா இல்லையா என்ற உறவுகளில்தான் நோய் இருக்கிறது. உறவுகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து முடியாது. கணக்குப் போட வேண்டும்.

முதலில் எண்கள். வளர்ந்த ஒருவரின் குருதி ஏறத்தாழ 5 லீற்றர். ஒரு கன மில்லிமீற்றரில் 50 இலட்சம் செங்குழியங்கள். ஆக மொத்தம் 25 இலட்சம் கோடி. ஒவ்வொன்றும் வாழ்வது 120 நாள். எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டுமானால் எலும்பு மச்சை வினாடிக்கு 24 இலட்சம் புதிய கலங்களை அனுப்பவேண்டும். வகுத்துப் பார்த்தால் வந்துவிடும். இந்த எளிய வகுத்தலே ஒரு மாதிரியுருதான்.

இதற்குள் பிளாஸ்மோடியம் பல்சிபாரம் நுழைகிறது. நுளம்பு கடித்த பிறகு முதலில் ஈரலில் ஒரு வாரம் போலத் தங்கும். அங்கே ஒரே ஒரு ஈரற்கலம் வெடித்தாலே பத்தாயிரக்கணக்கான குட்டி ஒட்டுண்ணிகள் வெளியே வரும். அவை ஒவ்வொன்றும் ஒரு செங்குழியத்துக்குள் நுழைந்து, 48 மணி நேரம் உள்ளே தின்று வளர்ந்து, 16 அளவிலான குட்டிகளாகப் பிரிந்து கலத்தை வெடித்துக்கொண்டு வெளியேறும். பதினாறில் சில வழியில் அழியும். எதிர்ப்புச் சக்தி இல்லாதவரிடம் ஒரு சுற்றுக்கு 10 மடங்கு பெருகுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது உண்மைக்கு நெருக்கமான எண். 10,000இல் தொடங்கினால் நான்கு சுற்றில், அதாவது 8 நாளில், 10 கோடி. கன மில்லிமீற்றருக்கு 20. நுணுக்குக்காட்டியில் பார்க்கும் குருதிப் பூச்சில் திறமையான கண்ணுக்கே எல்லைக்கோடு அது. இன்னும் 8 நாளில் ஒரு இலட்சம் கோடி. செங்குழியங்களில் 4 சதவீதம். உயிருக்கு ஆபத்தான நிலை. பார்க்க முடியாத நிலைக்கும் பிழைக்க முடியாத நிலைக்கும் இடையில் இருப்பது ஒரு கிழமையும் ஒரு நாளும்.

இந்த வகைக் கணக்கை மலேரியாவுக்குள் கொண்டு வந்தவர், நுளம்பின் வயிற்றில் ஒட்டுண்ணியைக் கண்ட அதே ரொனால்ட் ரொஸ். செகந்தராபாத்தில் 1897 ஓகஸ்ட் 20ஆம் நாள் செய்த கண்டுபிடிப்புக்காக 1902இல் நோபல் பரிசு பெற்றார். அவரே அதைவிடப் பெரிதாக மதித்தது தன் சமன்பாடுகளை என்று எண்ணத் தோன்றுகிறது. 1908இல் மொரிசியசுக்கான அறிக்கையிலும் 1911இல் வெளியிட்ட நூலிலும் அவர் சொன்னது இதுதான்: மலேரியாவை ஒழிக்க எல்லா நுளம்பையும் கொல்லத் தேவையில்லை. நுளம்பின் எண்ணிக்கை ஒரு குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் நோய் தானாகவே தேய்ந்து மறையும். அந்தக் காலத்துச் சுகாதார அதிகாரிகளுக்கு இது வீண்பேச்சாகப் பட்டது. பாதி நுளம்பு உயிரோடு இருக்கும்போது நோய் எப்படி மறையும் என்று கேட்டார்கள்.

ரொஸ்ஸின் ஊரும் நுளம்பும் குருதிக்குள் வந்து சேர எண்பது ஆண்டு பிடித்தது. 1989இல் ரோய் அண்டர்சன், ரொபர்ட் மே, சுனேத்ரா குப்தா ஆகிய மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். மே ஆஸ்திரேலிய இயற்பியலாளர். குப்தா கொல்கத்தாவில் பிறந்தவர், நாவலாசிரியையும்கூட. அவர்களுடைய மாதிரியுருவில் மூன்றே மூன்று குடிகள்: நலமான செங்குழியம், தொற்றிய செங்குழியம், வெளியே அலையும் குட்டி ஒட்டுண்ணி. நலமானவை மச்சையிலிருந்து சீரான வேகத்தில் வருகின்றன, வயதாகிச் சாகின்றன, தொற்றுக்கு ஆளாகின்றன. தொற்றிய கலம் வெடிக்கும்போது குட்டிகள் கூடுகின்றன. குட்டிகள் கலம் கிடைக்காமல் சில நிமிடங்களில் செயலிழக்கின்றன, அல்லது கலத்துக்குள் புகுந்துகொள்கின்றன. மூன்றையும் பிணைக்கும் முடிச்சு ஒரு பெருக்கல்:

புதிய தொற்றின் வேகம் = நுழையும் வீதம் × நலமான செங்குழியங்கள் × அலையும் குட்டிகள்

குட்டிகள் இரட்டித்தால் சந்திப்பும் இரட்டிக்கும். கலங்கள் பாதியானால் சந்திப்பும் பாதியாகும். வேதியியலில் இரண்டு கரைசலைக் கலக்கும்போது நடக்கும் தாக்கத்துக்கு எழுதுவதும் இதே பெருக்கலைத்தான். ரொஸ்ஸின் எல்லைக்கோடும் அப்படியே வந்து சேர்கிறது. ஒரு கலம் வெடித்து வரும் பதினாறில் சராசரியாக ஒன்றுக்கு மேல் புதுக் கலத்தைப் பிடித்தால் நோய் வளரும். ஒன்றுக்குக் கீழே போனால் தேயும். எல்லாவற்றையும் கொல்லத் தேவையில்லை, பதினாறில் பதினைந்துக்குச் சற்று மேலே தடுத்தால் போதும்.

அழகான மாதிரியுரு. ஆனால் அதற்குள் ஒரு பெரும் பிழை ஒளிந்திருந்தது. ஆஸ்திரேலியரான அலன் சோல் 1998இல் அதை எடுத்துக் காட்டினார். இந்த அத்தியாயத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டிய இடம் இதுதான். ஏனென்றால் மருத்துவத்தில் கணிதம் எங்கே வழுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

தொற்றிய கலம் சராசரியாக 2 நாள் வாழ்கிறது என்பதைச் சமன்பாட்டில் எப்படி எழுதுவது? வழக்கமான வழி, நாளொன்றுக்குப் பாதி என்ற வீதத்தில் கலங்கள் வெடித்துக்கொண்டிருக்கின்றன என்று எழுதுவது. சராசரி சரியாக 2 நாள் வரும். பாடநூல்கள் எல்லாம் இப்படித்தான் எழுதும். ஆனால் இதற்கு மறைமுகமான பொருள் ஒன்று உண்டு. எந்தக் கலமும் எந்த நொடியிலும் வெடிக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு முன் தொற்றிய கலத்துக்கும் 47 மணி நேரம் முதிர்ந்த கலத்துக்கும் வெடிக்கும் வாய்ப்பு ஒன்றே. கலத்துக்கு வயதே இல்லை. அப்படியானால் இப்போது நுழைந்த ஒட்டுண்ணி பத்து நிமிடத்தில் முழுதாகப் பிரிந்த குட்டிகளோடு வெடிக்கலாம். அந்தக் குட்டிகளில் ஒன்று புகுந்த கலம் அடுத்த அரை மணியில் வெடிக்கலாம். உண்மைக் குருதியில் இது நடக்கவே நடக்காது. ஒட்டுண்ணிக்குச் சமைக்கவும் உண்ணவும் நேரம் வேண்டும். ஆனால் சமன்பாட்டில் இந்த அவசரக்காரர்கள் சிலரே இருந்தாலும், வட்டிக்கு வட்டி போல் பெருகி எல்லாரையும் முந்திவிடுகிறார்கள்.

எவ்வளவு முந்துகிறார்கள்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கலத்திலிருந்து 10 கலம் என்று வைத்தால், வயதில்லாச் சமன்பாட்டின்படி தொற்றிய கலங்கள் நாளுக்கு 4.5 என்ற வீதத்தில் அடுக்கேற்றமாகக் கூடும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் 8,100 மடங்கு. நாம் உள்ளே போட்டதோ 10 மடங்கு! சராசரி ஆயுளும் சரி, குட்டிகளின் தொகையும் சரி. இரண்டும் சரியாக இருந்தும் விடை எண்ணூறு மடங்கு தவறு.

திருத்தும் வழி எளிது. தொற்றிய கலத்தின் வாழ்வை அறைகளாகப் பிரித்து, ஒரு அறையைக் கடந்தபின்தான் அடுத்ததற்குப் போகலாம் என்று கட்டளை போடவேண்டும். இரண்டு அறை வைத்தால் 8,100 மடங்கு 75 மடங்காகச் சரிகிறது. நான்கு அறைக்கு 22. பன்னிரண்டு அறைக்கு 13க்குச் சற்றுக் கீழே. மணிக்கு ஒன்றாக 48 அறை வைத்தால் 10.6. அறைகள் கூடக் கூட அவசரக்காரர்களுக்கு இடமில்லாமல் போகிறது. மூன்று வரியில் இருந்த மாதிரியுரு ஐம்பது வரியாகிவிட்டது, அழகு போய்விட்டது, விடை சரியாகிவிட்டது. கணிதர்கள் சிலருக்கு இது மனவருத்தம். எனக்கு அந்த ஐம்பது வரிதான் பிடித்திருக்கிறது.

வயதைக் கணக்கில் சேர்த்ததும் இன்னொரு கேள்வி எழுகிறது. முறைக்காய்ச்சல் என்று நம்மவர்கள் சொல்வது ஒருநாள் விட்டு ஒருநாள், ஏறத்தாழ அதே வேளையில் வரும் குளிர்நடுக்கத்தை. கோடிக்கணக்கான ஒட்டுண்ணிகள் ஒரே நேரத்தில் வெடிப்பதால்தான் காய்ச்சல் முறை வைத்து வருகிறது. ஆனால் 48 அறை மாதிரியுருவை நீளமாக ஓடவிட்டால் அந்த ஒழுங்கு நிலைப்பதில்லை. ஒன்று இரண்டு மணி முந்தும், இன்னொன்று மூன்று மணி பிந்தும். சில சுற்றுகளில் கூட்டம் கலைந்து, எல்லா வேளையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெடிக்கத் தொடங்கிவிடும். உண்மை நோயாளியிடமோ ஒழுங்கு சில சுற்றுகளில் இன்னும் கூர்மையடைவதும் உண்டு. யாரோ மணி அடிக்கிறார்கள்.

மணி அடிப்பது வெண்குழியம் என்றார்கள் டொமினிக் குவியட்கோவ்ஸ்கியும் மார்ட்டின் நோவாக்கும், 1991இல். கலங்கள் வெடிக்கும்போது சிந்தும் கழிவு வெண்குழியங்களைச் சீண்டுகிறது. அவை ரி.என்.எஃப். முதலிய புரதங்களைச் சுரக்க, மூளை உடலின் வெப்பநிலையை 40 பாகை வரை ஏற்றுகிறது. இந்தச் சூடு முதிர்ந்த ஒட்டுண்ணியைத் தாக்கும், இளையதை அவ்வளவாகத் தாக்காது. இதைக் குவியட்கோவ்ஸ்கி முன்னரே ஆய்வுகூடத்தில் காட்டியிருந்தார். இப்போது சங்கிலியைப் பாருங்கள். பெருங்கூட்டம் வெடித்து முடிந்த வேளையில் அதன் பிள்ளைகள் புதுக் கலங்களுக்குள் இளசாக இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு மணி பிந்திய கூட்டமோ முதிர்ந்து, வெடிக்கும் தறுவாயில் நிற்கிறது. காய்ச்சல் பிந்தியவற்றை எரித்துத் தள்ளுகிறது. மிஞ்சியவை எல்லாம் ஏறத்தாழ ஒரே வயது. அடுத்த முறை இன்னும் ஒற்றுமையாக வெடிக்கும், இன்னும் கூரான காய்ச்சல் வரும். நம்மை நடுங்க வைக்கும் காய்ச்சலே ஒட்டுண்ணிகளுக்குக் கடிகாரம். ஆனால் அவர்களுடைய சமன்பாட்டில் பெருகும் வேகத்தையும் சூட்டின் வலிமையையும் மாற்றினால் எப்போதும் ஒழுங்கு வருவதில்லை. சில எண்களுக்குச் சீரான அலை, சிலவற்றுக்கு முன்கூட்டிச் சொல்லவே முடியாத தாறுமாறு. பழைய மருத்துவர்கள் நோயாளியின் தலைமாட்டில் தொங்கவிட்ட வெப்பநிலை அட்டைகளில் இரண்டுமே உண்டு.

இந்தச் சங்கிலியின் நடுக்கண்ணி இலங்கையில் அளக்கப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் நதீரா கருணாவீர, கமினி மெண்டிஸ் ஆகியோர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை ஒட்டுண்ணியால் மலேரியா வந்தவர்களின் நடுக்கம் தொடங்கியது முதல் வியர்த்து அடங்கும் வரை இடைவிடாமல் குருதி எடுத்து ரி.என்.எஃப். அளவைப் பார்த்தார்கள். ரி.என்.எஃப். ஏற வெப்பநிலை ஏறியது. அது இறங்க இதுவும் இறங்கியது. அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை புரதம் முன்னே போக, காய்ச்சல் பின்னே வந்தது. நடுங்கிக்கொண்டிருப்பவரின் கையிலிருந்து மீண்டும் மீண்டும் குருதி எடுப்பது லேசான காரியமல்ல. மாதிரியுரு போடுகிறவர்களின் மேசைக்கு வந்து சேரும் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் இப்படி ஒரு கட்டில் இருக்கிறது.

வைவாக்ஸ் என்றதும் அண்டர்சன், மே, குப்தா மூவரின் பெருக்கலை மீண்டும் பார்க்கவேண்டும். பல்சிபாரம் எந்த வயதுச் செங்குழியத்துக்குள்ளும் நுழையும். வைவாக்ஸ் தேடுவது மச்சையிலிருந்து அப்போதுதான் வந்த இளங்கலங்களை. அவை மொத்தத்தில் 1 அல்லது 2 சதவீதமே. சமன்பாட்டில் 'நலமான செங்குழியங்கள்' என்ற இடத்தில் 25 இலட்சம் கோடிக்குப் பதிலாக அதில் ஐம்பதில் ஒன்றையோ நூற்றில் ஒன்றையோ போட்டால், எவ்வளவு வேகமாகப் பெருகினாலும் வைவாக்ஸ் ஒரு கூரையில் முட்டி நிற்கும். நடைமுறையிலும் அது 2 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. இதுவரை மாதிரியுருவுக்கு வெற்றிதான்.

அப்படியானால் வைவாக்ஸ் வந்தவர் வெளிறக்கூடாது. 2 சதவீதக் கலங்களை இழந்தால் யாருக்கும் சோகை வராது. ஆனால் வெளிறுகிறார்கள். பல்சிபாரத்திலும் இதே சிக்கல்: வெடித்த கலங்களைக் கூட்டினால் நோயாளி இழந்த செங்குழியங்களில் சிறு பங்குக்குத்தான் கணக்கு வருகிறது. மீதி எங்கே? 1999இல் ஜேக்மனும் சோலும் உடனாய்வாளர்களும் பழைய நோயாளிகளின் நாள்வாரிப் பதிவுகளை எடுத்து மாதிரியுருவைப் பொருத்தினார்கள். பல்சிபாரம் தொற்றிய ஒவ்வொரு கலத்துக்கும் சராசரியாக 8.5 நலமான கலங்கள் அழிந்திருந்தன. வைவாக்சுக்கு 2003இல் வந்த விடை 34. நோயே தொடாத கலங்கள் இவை. விழிப்படைந்த மண்ணீரல் சந்தேகத்தின் பேரில் இவற்றையும் பிடித்து விழுங்கியிருக்கிறது. சாவடியில் கெடுபிடி கூடும்போது குற்றமற்றவர்கள்தான் அதிகம் மாட்டுவார்கள் என்பதை இந்தப் பக்கத்து மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பழைய பதிவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெனிசிலின் வருவதற்கு முன், மூளைக்கு ஏறிய சிபிலிசு நோய்க்கு வேண்டுமென்றே மலேரியாவை ஏற்றிக் காய்ச்சல் வரவழைப்பது சிகிச்சையாக இருந்தது. 1917இல் வியன்னாவில் வாக்னர்-யாவுரெக் தொடங்கியது; 1927இல் நோபல் பரிசும் வாங்கித் தந்தது. அமெரிக்க மனநோய் மருத்துவமனைகளில் அப்படிக் காய்ச்சல் ஏற்றப்பட்டவர்களின் ஒட்டுண்ணி எண்ணிக்கைகளே இன்றுவரை உலகில் கிடைக்கும் மிக விரிவான நாள்வாரித் தரவு. இனி எந்த ஒழுக்கநெறிக் குழுவும் அதற்கு அனுமதி தராது. மலேரியாக் கணிதத்தின் அடித்தளத்தில் சம்மதம் கேட்கப்படாத மனிதர்கள் படுத்திருக்கிறார்கள். அவர்களை வெறும் புள்ளிகளாகக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை.

மூவரின் பெருக்கல் தடுமாறும் இன்னோர் இடத்தைக் கண்டதும் இலங்கையில்தான். 1988இல் பீற்றர் டேவிட், ஷிரோமா ஹந்துன்னெத்தி, கமினி மெண்டிஸ் முதலியோர், இந்நாட்டுக்கே உரிய செங்குரங்கில் — சிங்களத்தில் றிலவா — காணப்படும் பிளாஸ்மோடியம் பிராஜில் என்ற ஒட்டுண்ணியை ஆராய்ந்தபோது ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள். முதிர்ந்த ஒட்டுண்ணி உள்ள செங்குழியத்தைச் சுற்றி நலமான செங்குழியங்கள் இதழ் வைத்ததுபோல் ஒட்டிக்கொண்டிருந்தன. அதற்கு ரோசெட் என்று பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டே மனிதரின் பல்சிபாரத்திலும் அது காணப்பட்டது. பின்னர் வந்த ஆய்வுகள் ஒட்டும் பசை எது என்று காட்டின: தொற்றிய கலம் தன் மேற்பரப்பில் நீட்டும் ஒரு புரதம், அண்டைக் கலத்தின் மேலுள்ள சில மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்கிறது. A, B இனக் குருதிச் சர்க்கரைகளும் அந்தப் பிடிமானங்களில் அடங்கும். அதனால் O இனத்தாரின் கலங்களில் ரோசெட் சிறிதாகவும் தளர்வாகவும் அமைகிறது. கடும் மலேரியாவுக்கு அவர்கள் ஆளாவது குறைவு என்று 2007இல் மாலி நாட்டு ஆய்வு ஒன்று காட்டியது.

ரோசெட்டைக் கணக்காக்குவது எப்படி? துகள்கள் மோதி ஒட்டித் திரளும் வேகத்துக்குப் போலந்து இயற்பியலாளர் ஸ்மொலுகோவ்ஸ்கி 1916–17இலேயே சமன்பாடு எழுதிவிட்டார். ஓடும் நீர்மத்தில் அடுத்தடுத்த படலங்கள் வெவ்வேறு வேகத்தில் நகரும்போது துகள்கள் ஒன்றையொன்று பிடிக்கின்றன. மோதும் வேகம் அந்த வேக வேறுபாட்டோடும் துகளின் விட்டத்தின் மும்மடியோடும் கூடும். விட்டம் இரட்டித்தால் மோதல் எட்டு மடங்கு. ஆனால் வேக வேறுபாட்டுக்கு இரண்டு கை. ஒன்று கலங்களைச் சேர்க்கும், மற்றது ஒட்டியவற்றைப் பிய்க்கும். பர்மிங்ஹாமில் ஜோர்ஜ் நாஷ் குழுவினர் 1992இல் ரோசெட்டின் கலங்களை இழுத்துப் பிரித்து விசையை அளந்தார்கள். குழாய்ச் சுவரோடு தொற்றிய கலம் ஒட்டும் பிடியைவிட இது பல மடங்கு வலுவாக இருந்தது. விரைந்து ஓடும் நாடியில் ரோசெட் குலையக்கூடும். மந்தமான நுண்நாளங்களில் தாக்குப்பிடிக்கும்.

மயிர்த்துளைக் குழாய்க்குள் கதை முற்றிலும் வேறு. அங்கே கலங்கள் ஒற்றை வரிசையில் போகின்றன. எவரும் எவரையும் சந்திக்கலாம் என்ற கரைசல் எண்ணமே அங்கே செல்லாது. முன்னால் போகிறவரும் பின்னால் வருகிறவரும் மட்டுமே அயலார். விறைத்த ஒரு கலம் வழியில் நின்றால் பின்னாலுள்ள வரிசையே நிற்கும். இங்கே பெருக்கலைக் கைவிட்டு ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே உருவாக்கி, அதன் சவ்வை ஆயிரக்கணக்கான சிறு வில்களால் பின்னிக் கணினியில் ஓடவிடுகிறார்கள். சுப்ரா சுரேஷும் பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஜோர்ஜ் கார்னியடாகிசும் சேர்ந்து 2011இல் வெளியிட்டது இவ்வகை. எடுத்த எடுப்பிலேயே மீத்திறன் கணினி வேண்டும், கிடைப்பதோ சில நொடிகள் ஓடும் குருதி. பதினாறு நாள் காய்ச்சலை இப்படி ஓட்டிப் பார்க்க முடியாது. ஆகவே மூன்று வரிச் சமன்பாடு, ஐம்பது வரிச் சமன்பாடு, கோடி வில்கள் மூன்றும் பக்கம் பக்கமாக வாழ்கின்றன. எந்தக் கேள்விக்கு எது என்று தேர்வதில்தான் திறமை.

இந்தக் கரையில் கேள்வி இப்போது மாறியிருக்கிறது. 1934–35 கொள்ளைநோயில் இலங்கை ஏறத்தாழ 80,000 உயிர்களை இழந்தது. 1963இல் நாடு முழுவதும் 17 பேருக்கே மலேரியா என்று மகிழ்ந்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் எண்ணிக்கை ஆண்டுக்கு ஐந்து இலட்சத்தைக் கடந்தது. 1990 ஒக்டோபரில் சிலாவத்துறை முஸ்லிம்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, பெருந்தொகையினர் புத்தளத்துக்குப் போனார்கள். போர் நடந்துகொண்டிருந்த 1999இல் நாட்டில் 2,64,549 நோயாளிகள். பிறகு மலேரியாத் தடை இயக்கத்தின் விடாப்பிடியால் 2012 ஒக்டோபரோடு உள்ளூரில் தொற்றும் மலேரியா நின்றது. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. அதே ஆண்டு டிசெம்பரில் மன்னார்த் தீவின் கிணறுகளில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி அகப்பட்டது. சென்னையில் மலேரியா பரப்பும் நுளம்பு அது. ஆற்று மணற்குட்டை அதற்குத் தேவையில்லை. வீட்டுக் கிணறும் சீமெந்துத் தொட்டியும் போதும்.

இன்று சிலாவத்துறைப் பாடசாலையில் படிக்கும் பிள்ளையின் மண்ணீரல் விலாவுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அந்தப் பிள்ளையின் குருதி ஒட்டுண்ணியைக் கண்டதில்லை. குவியட்கோவ்ஸ்கியின் சமன்பாட்டில் காய்ச்சல் எந்த எண்ணிக்கையில் தொடங்கும் என்று ஓர் எண் உண்டு. மலேரியாவோடு வாழ்ந்து பழகியவர்களிடம் அது உயர்ந்திருக்கும். கன மில்லிமீற்றரில் ஆயிரம் ஒட்டுண்ணியோடு வயலுக்குப் போய் வருவார்கள். பழகாத உடலில் அது மிகத் தாழ்வு: பூச்சில் கண்ணுக்குத் தெரியும் முன்பே உடல் சுடத் தொடங்கலாம். பல்சிபாரத்தில் இன்னொரு மறைவும் சேர்ந்துகொள்கிறது. 48 மணியின் பின்பாதியில் தொற்றிய கலங்கள் நாளச் சுவரில் ஒட்டிக்கொண்டு சுற்றோட்டத்திலிருந்தே விலகி நிற்கும். அந்த வேளையில் விரல்நுனியில் குத்தி எடுத்த குருதியில் ஏறத்தாழ ஒன்றும் இராது. ஒரு நாள் பொறுத்தால் அதே கூட்டம் வெடித்து, பத்து மடங்காக, இளங்கலங்களாகச் சுற்றோட்டத்துக்கு வந்துவிடும்.

ஆபிரிக்காவிலோ இந்தியாவிலோ இருந்து திரும்பிய ஒருவர் காய்ச்சலோடு வந்து, முதல் பூச்சு சுத்தமாக இருந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடாமல் 12 முதல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை, குறைந்தது மூன்று தடவை குருதி எடுத்துப் பார்க்கும்படி மருத்துவ வழிகாட்டிகள் வற்புறுத்துவது இந்தக் கணக்கினால்தான்.